ஊதும் பரிசோதனை சரியாக நடந்ததா? ஸ்பைரோமெட்ரி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுரையீரல் பரிசோதனை அறையில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். பரிசோதனைக்கு வருபவர்கள், அவர்களுக்குத் துணையாக வருபவர்கள், புதிதாகச் சேரும் டெக்னீஷியன்கள் என்று எல்லோரும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். இரத்தப் பரிசோதனை என்றால் கையை நீட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். இந்த ஊதும் பரிசோதனையில் நோயாளியின் முயற்சியும் எதிரே நிற்பவரின் குரலும் சேர்ந்துதான் முடிவாகிறது. அதனால்தான் இதை இத்தனை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

இந்தப் பரிசோதனையில் எதை அளக்கிறார்கள்?

முக்கியமாக இரண்டு அளவுகள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, ஒரே மூச்சில் முழுவதையும் வேகமாக ஊதும்போது மொத்தம் எத்தனை லிட்டர் காற்று வெளியே வருகிறது என்பது எஃப்விசி. அதில் முதல் ஒரு வினாடிக்குள் வந்தது எத்தனை லிட்டர் என்பது எஃப்இவி1. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். மூச்சுக்குழாய்கள் சுருங்கியிருந்தால் காற்று மெதுவாக வரும், விகிதம் இறங்கும். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு 0.70-க்குக் கீழ் என்ற எல்லையைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர் தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்த கலம் ஒன்றை வைத்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊதவைத்து, 1846-ல் அளவுகளை வெளியிட்டார். அவர் கணக்கிட்டது வெளியே வரும் காற்றின் மொத்த அளவு. ஒரு வினாடிக்குள் வருவதைத் தனியாக அளக்கலாம் என்று பிரான்சில் டிஃப்னோவும் பினெல்லியும் காட்டியது 1947-ல்தான். நேரம் என்ற ஒன்று உள்ளே வந்ததிலிருந்து, ஊதத் தொடங்கும் அந்த நொடி மிக முக்கியமாகிவிட்டது.

குழாயில் ஊதுவதுதானே? அதில் தவறு வர என்ன இருக்கிறது?

நான் பார்த்த ஒருவரைச் சொல்கிறேன். அறுபது வயதுக்கு மேற்பட்ட அம்மா. விறகடுப்பில் காலமெல்லாம் சமைத்தவர். வேறோர் இடத்தில் எடுத்த அறிக்கையோடு வந்தார். எஃப்விசி 1.60 லிட்டர், எஃப்இவி1 1.31 லிட்டர், விகிதம் 0.82. "அடைப்பு இல்லை" என்று கருவியே அச்சிட்டிருந்தது. ஆனால் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்கிறார்.

எண்களை விட்டுவிட்டு அறிக்கையின் ஓரத்தில் இருந்த சின்ன வரைபடத்தைப் பார்த்தேன். கோடு மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே வெட்டியது போல் நின்றிருந்தது. இரண்டரை வினாடியில் ஊதுவதை நிறுத்திவிட்டார். யாரும் "இன்னும்" என்று சொல்லவில்லை. உட்காரவைத்து, நானே ஒருமுறை ஊதிக் காட்டி, கூடவே நின்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நான்காவது தடவையில் பதினோரு வினாடி ஊதினார். எஃப்இவி1 ஏறக்குறைய அதேதான், 1.33. எஃப்விசி மட்டும் 2.08 ஆகிவிட்டது. விகிதம் 0.64.

நுரையீரல் அதே நுரையீரல்தான். பாதியில் நிறுத்திய ஊதல், இருந்த அடைப்பை மறைத்துவிட்டது. கருவியின் மேல் பழி போட இங்கே எதுவுமில்லை. தனக்குக் கிடைத்த காற்றை அது சரியாகத்தான் அளந்தது.

ஒருமுறை நன்றாக ஊதிவிட்டேன். ஏன் திரும்பத் திரும்ப ஊதச் சொல்கிறார்கள்?

முழு முயற்சியா இல்லையா என்பது ஒரே ஊதலில் தெரியாது. குறையில்லாத மூன்று ஊதல்கள் வேண்டும். அவற்றில் மிகப் பெரிய இரண்டு எஃப்விசி அளவுகளுக்கு இடையில் 150 மில்லிலிட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது; எஃப்இவி1-க்கும் அதே கணக்கு. அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் மருத்துவச் சங்கங்கள் 2019-ல் சேர்ந்து வெளியிட்ட விதிமுறை இது. ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கு 100 மி.லி. அல்லது பத்து சதவீதம், இதில் எது பெரிதோ அது. பெரியவர்களை எட்டுத் தடவைக்கு மேல் ஊதவைப்பதில் பயன் இல்லை. களைப்பில் அளவு இறங்கத் தொடங்கிவிடும்.

150 மி.லி. என்றால் ஒரு டம்ளர் காப்பி அளவு. இதற்கா இத்தனை கெடுபிடி என்று தோன்றும். ஆரோக்கியமானவர்களுக்கே நடுவயதில் எஃப்இவி1 வருடத்துக்குச் சுமார் 30 மி.லி. குறைகிறது. அப்படியானால் 150 மி.லி. பிழை என்பது ஐந்து வருட முதுமைக்குச் சமம். சோம்பலாக எடுத்த ஒரு பரிசோதனை ஒருவருக்கு ஐந்து வயதைக் கூட்டிவிடும், அல்லது ஐந்து வருட நஷ்டத்தை மூடி மறைத்துவிடும்.

சரியாக ஊதுவது எப்படி?

நிமிர்ந்து உட்காருங்கள். சக்கரம் இல்லாத, கைப்பிடி உள்ள நாற்காலி வேண்டும்; பலமாக ஊதும்போது சிலருக்குத் தலை சுற்றும். இரண்டு பாதங்களும் தரையில் பதிந்திருக்கட்டும். பல்செட் ஆடாமல் பொருந்தியிருந்தால் கழற்ற வேண்டாம். அது இருந்தால் உதடு குழாயை நன்றாகக் கவ்வும். ஆடும் பல்செட் என்றால் கழற்றிவிடுங்கள். வெற்றிலை, பாக்கு மென்றிருந்தால் வாயைக் கொப்பளித்துவிட்டு வாருங்கள்.

மூக்கில் கிளிப் போட்ட பிறகு, இனி இடமே இல்லை என்னும் வரை மூச்சை இழுக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் தவறவிடுவது இதைத்தான். முக்கால் பங்கு இழுத்துவிட்டு ஊதினால், எத்தனை பலமாக ஊதினாலும் முக்கால் பங்குதான் வரும். இழுத்து முடித்ததும் காத்திருக்காமல் வெடித்தாற்போல் ஊத வேண்டும். நிரம்பிய நெஞ்சோடு இரண்டு வினாடிக்கு மேல் நிறுத்திவைத்தாலே முதல் வினாடியின் அளவு குறையலாம். பிறகு விடாமல் ஊதிக்கொண்டே இருங்கள். காற்று வருவதே தெரியாது, ஆனாலும் வந்துகொண்டிருக்கும். கடைசி ஒரு வினாடியில் வரும் காற்று 25 மி.லி.க்கும் குறைந்து கோடு தரையோடு படுத்துவிட்டால் முடிந்தது. இல்லையென்றால் பதினைந்து வினாடி வரை. பழைய விதிமுறையில் சொன்ன ஆறு வினாடியைப் பலர் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆறு வினாடியில் நுரையீரல் காலியாவதில்லை. கடைசியில் குழாயை எடுக்காமல் மறுபடி முழுதாக இழுக்கச் சொல்வோம். அப்போது உள்ளே போன காற்று வெளியே வந்ததைவிடக் கணிசமாக அதிகம் என்றால், ஆரம்பத்தில் முழுதாக இழுக்கவில்லை என்று அர்த்தம். தப்பிக்கவே முடியாத சாட்சி அது.

சொல்லிக்கொடுப்பவரின் பங்கு அவ்வளவு பெரிதா?

ஆமாம். புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது அவர்களுடைய குரலை. "இழுங்கள்" என்பது நீண்டு வர வேண்டும். "ஊதுங்கள்" என்பது அறைந்தாற்போல் வர வேண்டும். அதற்குப் பிறகு, "விடாதீர்கள், வருகிறது, இன்னும் வருகிறது" என்று கூடவே ஓட வேண்டும். கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு சோர்வாக "ஊதுங்க" என்று சொன்னால், எதிரே இருப்பவரும் சோர்வாகத்தான் ஊதுவார். ஒரு கண் கோட்டின் மேல் இருக்கட்டும், இன்னொரு கண் அவருடைய தோள், உதடு, கன்னத்தின் மேல் இருக்கட்டும்.

வார்த்தையைவிடச் செய்து காட்டுவது நல்லது. கோவை, திருப்பூர் பக்கம் பரிசோதனைக்கு வருபவர்களில் பலர் ஒடியாவோ இந்தியோ பேசுகிறவர்கள். தனிக் குழாய் ஒன்றை எடுத்து நானே ஊதிக் காட்டினால் மொழியே தேவைப்படாது.

பெண்கள் பலர் முழு பலத்தோடு ஊதுவதில்லை என்கிறார்களே?

பலம் இல்லாமல் இல்லை. நான்கு பேர் பார்க்க முகம் கோண, சத்தத்தோடு ஊதுவதற்குக் கூச்சம். இன்னொன்றும் உண்டு, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பிரசவம் ஆன பெண்களிலும் வயதானவர்களிலும் பலருக்குப் பலமாக ஊதினால் சிறுநீர் கசிந்துவிடும். அந்தப் பயத்தில் பாதியில் அடக்கிக்கொள்வார்கள். நாம் "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதி அனுப்பிவிடுகிறோம். இது பெரும் அநியாயம். ஊதவைக்கும் முன்பே, "அம்மா, ஒருமுறை பாத்ரூம் போய்விட்டு வந்துவிடுங்கள், பலமாக ஊதும்போது நிறையப் பேருக்குக் கசியும், அது சகஜம்" என்று பெண் ஊழியர் ஒருவர் மெதுவாகச் சொன்னால் போதும். ஒரு திரைச்சீலையும் மூடிய கதவும் எந்த விலையுயர்ந்த கருவிக்கும் குறையாமல் துல்லியத்தைக் கூட்டும்.

வருவதற்கு முன்னால் என்னென்ன தவிர்க்க வேண்டும்?

ஒரு மணி நேரத்துக்குள் புகைபிடித்திருக்கவோ கடுமையாக உடற்பயிற்சி செய்திருக்கவோ கூடாது. எட்டு மணி நேரத்துக்குள் மது கூடாது. இறுக்கமான உடை வேண்டாம்; இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தால் தளர்த்திக்கொள்ளுங்கள்.

இன்ஹேலரை நிறுத்த வேண்டுமா என்பது பரிசோதனையின் நோக்கத்தைப் பொறுத்தது. நோயைக் கண்டறியத்தான் பரிசோதனை என்றால், சால்பூட்டமால் போன்ற உடனடி நிவாரண மருந்தை நான்கு முதல் ஆறு மணி நேரமும், ஒரு நாள் வேலை செய்யும் மருந்துகளை அவற்றின் வகைக்கேற்ப ஒன்றரை நாள் முதல் இரண்டு நாள் வரையும் நிறுத்தச் சொல்வார்கள். மருந்து எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கத்தான் என்றால் நிறுத்தத் தேவையில்லை. மருத்துவர் சொல்லாமல் நீங்களாக நிறுத்தாதீர்கள். இடையில் இழுப்பு வந்தால் மருந்தை எடுத்துக்கொண்டு, எடுத்த நேரத்தை எங்களிடம் சொல்லுங்கள். அது குற்றமில்லை.

உயரத்தை நான் சொன்னால் போதாதா? ஏன் அளக்கிறார்கள்?

உங்களுக்கு எவ்வளவு காற்று வர வேண்டும் என்று கருவி எதிர்பார்க்கும் அளவு, வயது, பாலினம், உயரம் ஆகியவற்றிலிருந்து கணக்கிடப்படுகிறது. 165 செ.மீ. உள்ளவர் 170 என்று சொன்னால் எதிர்பார்க்கும் அளவு ஏறக்குறைய ஏழு சதவீதம் கூடிவிடும். செருப்பைக் கழற்றி, குதிகாலைச் சுவரோடு சேர்த்து நிறுத்தி அளக்க வேண்டும்.

நம் ஊரில் அடிக்கடி நடக்கும் ஒரு தவறு உண்டு. ஐந்து அடி பதினோரு அங்குலம் என்பதை 5.11 அடி என்று எழுதி, அதை 30.48-ஆல் பெருக்கிவிடுகிறார்கள். வருவது 155.8 செ.மீ. உண்மையான உயரம் 180.3. நெடிதுயர்ந்த ஒருவரைக் குள்ளமாக்கி, அவருடைய குறைந்துபோன அளவையே முழு அளவாகக் காட்டும் கணக்கு இது. கூன் விழுந்தவர்களுக்கும் நிற்க முடியாதவர்களுக்கும் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, விரல்நுனியிலிருந்து விரல்நுனி வரை அளந்து உயரத்தைக் கணிக்கலாம்.

கருவி சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

மூன்று லிட்டர் ஊசிக்குழல் ஒன்று இருக்கும். பெரிய சைக்கிள் பம்பு போல. தினமும் காலையில் அதை மெதுவாக, நடுத்தரமாக, வேகமாக என்று மூன்று வேகங்களில் தள்ளிப் பார்க்க வேண்டும். கருவி 2.91-க்கும் 3.09-க்கும் இடையில் காட்ட வேண்டும். வடிகட்டி போட்டு நோயாளிகளை ஊதவைக்கிறீர்கள் என்றால், இந்தச் சோதனையையும் வடிகட்டியைப் போட்டுத்தான் செய்ய வேண்டும். ஊசிக்குழலைக் கீழே போட்டுவிட்டால், ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்து எடுத்து வைத்துவிடாதீர்கள். கசிவு இருக்கிறதா என்று பார்த்து, சந்தேகம் இருந்தால் சரிபார்க்க அனுப்புங்கள். நோயில்லாத ஊழியர் ஒருவர் வாரம் ஒருமுறை ஊதி, தன் அளவை ஒரு நோட்டில் எழுதிவைப்பதும் மிக நல்ல பழக்கம். ஊசிக்குழல் பிடிக்காத கோளாறை அவருடைய நுரையீரல் பிடித்துவிடும்.

வெப்பநிலையைச் சொல்லாமல் விட முடியாது. நுரையீரலுக்குள் 37 டிகிரியில் ஈரத்தோடு இருக்கும் காற்று, 20 டிகிரி அறைக்கு வந்தால் ஒன்பது சதவீதத்துக்கு மேல் சுருங்கும். 30 டிகிரி அறையில் நான்கு சதவீதம் சொச்சம்தான். இதை ஈடுகட்ட அறை வெப்பநிலையைக் கருவிக்குச் சொல்கிறோம். காலையில் ஏசி போடும் முன் 31 என்று பதிந்துவிட்டு, பத்து மணிக்கு அறை 23-க்கு வந்த பிறகும் மாற்றாமல் விட்டால் அன்று முழுவதும் அளவுகள் பிசகும்.

மின்விசிறியும் வேலையைக் கெடுக்கும். காற்றோட்டத்தை உணரும் கருவிகள் ஒவ்வொரு முறையும் முதலில் "இப்போது காற்று ஓடவில்லை" என்று சுழியத்தைக் குறித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் மேசை விசிறி, நோயாளி ஊதும் திசையிலேயே உணரியின் வழியாக ஊதிக்கொண்டிருந்தால், ஓடும் காற்றையே சுழியம் என்று பதிந்துவிடும். பிறகு நோயாளி ஊதும்போது அளவு குறையும். காற்று எதிர்த்திசையில் போயிருந்தால், அவர் ஊதி முடித்த பின்னும் கோடு ஏறிக்கொண்டே இருக்கும். உணரியின் வாயை மூடிக்கொண்டு சுழியம் வையுங்கள்.

"எதிர்பார்க்கும் அளவு" யாருடைய அளவு?

நியாயமான கேள்வி. பழைய கருவிகள் பலவற்றில் ஐரோப்பியர்களை அளந்து எழுதிய சமன்பாடே இருந்தது. நம்மவர்களின் சராசரி அதைவிடக் குறைவு என்பதால், நல்ல நுரையீரலுக்கும் குறை என்று அறிக்கை வந்தது. சென்னையில் காசநோய் ஆராய்ச்சி மையம் ஆரோக்கியமான இளம்வயதினரை அளந்து, தென்னிந்தியர்களுக்கான அளவுகளை 1990-ல் வெளியிட்டது. 2012-ல் வந்த உலகளாவிய சமன்பாடுகள் 3 முதல் 95 வயது வரை இருந்தாலும், இந்தியத் துணைக்கண்டத்துக்கென்று தனிப் பிரிவு அவற்றில் இல்லை. இனம் பார்க்காத பொதுச் சமன்பாடு 2022-ல் வந்தது; அதையே பயன்படுத்தும்படி அமெரிக்க நுரையீரல் மருத்துவச் சங்கம் 2023-ல் பரிந்துரைத்தது.

உங்களுக்கு இதில் தேவையானது ஒன்றுதான். எந்தச் சமன்பாடு என்பது அறிக்கையில் அச்சாகியிருக்க வேண்டும். சென்ற வருடம் 88 சதவீதம், இந்த வருடம் 79 என்று பதறும் முன், இரண்டும் ஒரே சமன்பாடா என்று பாருங்கள். லிட்டர் அளவை லிட்டரோடு ஒப்பிட்டால் குழப்பமே இல்லை.

"கட்டுப்பாடு" (ரெஸ்ட்ரிக்ஷன்) என்று வந்திருக்கிறது. நுரையீரல் சுருங்கிவிட்டதா?

உடனே பயப்பட வேண்டாம். எஃப்விசி குறைந்து விகிதம் சரியாக இருந்தால் கருவி இந்தச் சொல்லைத் தானாகவே அச்சிடும். முழுதாக இழுக்காதவருக்கும், பாதியில் நிறுத்தியவருக்கும் இதே படம்தான் வரும். முதலில் நல்ல முறையில் மறுபடி ஊத வேண்டும். அப்போதும் அப்படியே இருந்தால், நுரையீரலின் மொத்தக் கொள்ளளவை வேறு முறையில் அளந்துதான் உறுதிசெய்ய முடியும். ஊதும் பரிசோதனையை மட்டும் வைத்துக்கொண்டு சிடி ஸ்கேன் வரை ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மருந்து கொடுத்து மறுபடி ஊதவைக்கிறார்களே?

சால்பூட்டமால் 400 மைக்ரோகிராம், அதாவது 100 வீதம் நான்கு தடவை, ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவில் வைக்கும் குடுவை) வழியாக, ஒவ்வொன்றுக்கும் தனி மூச்சாக எடுக்க வேண்டும். பிறகு பத்து முதல் பதினைந்து நிமிடம் காத்திருந்து ஊத வேண்டும். கூட்டம் அதிகம் என்று ஐந்தாவது நிமிடத்திலேயே ஊதவைத்தால் மருந்து முழுதாக வேலை செய்திருக்காது, ஆஸ்துமா தவறிப்போகும். முன்பு 12 சதவீதமும் 200 மி.லி.யும் கூட வேண்டும் என்றிருந்தது. 2022 முதல், எதிர்பார்க்கும் அளவில் பத்து சதவீதத்துக்கு மேல் கூடினால் மருந்துக்குப் பலன் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

குழந்தைகள் செய்ய முடியுமா?

ஐந்து, ஆறு வயதிலிருந்து பெரும்பாலும் முடியும். திரையில் மெழுகுவர்த்தி அணைக்கும் விளையாட்டு இருக்கும்; அது வேகத்துக்கு உதவும். ஆனால் மெழுகுவர்த்தி அணைந்ததும் பிள்ளை ஊதுவதை நிறுத்திவிடும். பெற்றோர் பக்கத்தில் நின்று அதட்டுவதைவிட வெளியே இருப்பது நல்லது. முதல் நாள் வராவிட்டால் இன்னொரு நாள் வரட்டும்.

பஞ்சாலையில் வருடா வருடம் ஊதவைக்கிறார்கள். அது வெறும் சடங்கா?

சடங்காக நடத்தினால் சடங்குதான். பஞ்சுத் தூசி நோயில், வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகும். வேலை தொடங்கும் முன்பும் முடிந்த பிறகும் ஊதிப் பார்த்தால் எஃப்இவி1 இறங்கியிருப்பது தெரியும். 1978-ல் அமெரிக்கா பஞ்சுத் தூசிக்கென்று கொண்டுவந்த விதியில், ஊதவைப்பவர் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று எழுதியே வைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் நாற்பது பேரை ஊதவைக்கும் முகாமில் இந்தச் சின்ன இறக்கம் கண்ணில் படாது. அப்படி எடுத்த காகிதம் தொழிலாளிக்கு எதிராகவே பின்னால் நிற்கும்.

யார் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டும்?

ஒரு வாரத்துக்குள் மாரடைப்பு வந்தவர்கள், கண் அறுவை செய்துகொண்டவர்கள். நான்கு வாரத்துக்குள் மூளை, நெஞ்சு, வயிற்று அறுவை செய்துகொண்டவர்கள். இருமும்போது இரத்தம் வருபவர்கள். தொற்றும் நிலையில் காசநோய் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மற்றவர்களுக்கும் வடிகட்டி ஒருவருக்கு ஒன்று. உங்கள் கண்முன் உறையைப் பிரிக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

என் அறிக்கை நம்பத்தகுந்ததா என்று நானே பார்க்க முடியுமா?

முடியும். தரம் என்ற இடத்தில் ஆங்கில எழுத்து ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். எஃப்விசிக்கும் எஃப்இவி1-க்கும் தனித்தனியாக இருக்கும். ஏ, பி என்றால் நிம்மதி, சி-யை ஏற்கலாம், டி-யும் அதற்குக் கீழும் என்றால் மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். பிறகு கோடுகளைப் பாருங்கள். ஒன்றில், மலை முகடு போல் சட்டென்று எழுந்து சரிவாக இறங்க வேண்டும். உருண்டையான மேடு என்றால் தொடக்கம் மந்தம். இன்னொன்றில், ஏறிய கோடு கடைசியில் படுத்திருக்க வேண்டும். நடுவில் பல் பல்லாக இருந்தால் இருமியிருக்கிறீர்கள்.

பரிசோதனை முடிந்ததும் கடைசிப் பக்கத்தோடு போய்விடாமல், ஊதிய எல்லாக் கோடுகளும் உள்ள பக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த தடவை வரும்போது அதையும், முடிந்தால் அதே நேரத்துக்கு, கொண்டுவாருங்கள். காலையில் ஊதியவர் காலையிலேயே வந்தால் ஒப்பிட எளிது.